கச்சான் அடிக்கும் நாளில் ஒரு ஷொட்

கோணேசர் கோயிலின் பின்மதிலில் சாய்ந்து நின்று கீழே கடலைப் பார்க்காத திருகோணமலைப் பிள்ளை இருக்காது. இராவணன் வெட்டுக்குக் கீழே பச்சையும் கருநீலமுமாகப் புரளும் அந்த நீரில் 1956 ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலேயச் சுழியோடி இறங்கினார். பெயர் மைக் வில்சன். அவருடன் இலங்கைக்கு வந்திருந்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1624 இல் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். அந்தக் கடலடிப் பயணங்களைப் பற்றிக் கிளார்க் அடுத்த ஆண்டே ஒரு நூல் எழுதினார்.

வில்சனுக்கு நூல் போதவில்லை, படம் வேண்டியிருந்தது. 1962 இல் வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ அப்படி உருவானது. அதுதான் சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்ரம, ஜீவராணி குருகுலசூரிய ஆகியோர் நடித்தார்கள். அமரதேவ இசையமைத்தார். கிளார்க் எழுதிச் சம்பாதித்த பணமும் அதில் இறங்கியது. வில்சனுக்கு அது முதல் முழுநீளப் படம். முதல் படத்திலேயே கமராவைத் திருகோணமலைக் கடலுக்குள் கொண்டுபோனார்.

அந்தத் துணிச்சலின் அளவைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 35 மில்லிமீற்றர் பிலிமில் 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குக் கிட்டக் கொடுக்கும். தரையில் என்றால் சுருள் முடிந்ததும் கறுப்புப் பைக்குள் கையை விட்டு மாற்றலாம். கடலுக்குள் முடிந்தால் மேலே ஏறி வந்து, பெட்டியைத் துடைத்து உலர்த்தி, மாற்றிக்கொண்டு மறுபடி இறங்க வேண்டும். அதற்குள் மேகம் வந்துவிடும், நீரோட்டம் மண்ணைக் கலக்கிவிடும். வண்ணமும் நீருக்குள் கைவிடும். முதல் சில மீற்றர்களுக்குள்ளேயே சிவப்பு மறைந்து எல்லாம் நீலமாகிவிடும். வண்ணப் பிலிமைக் கழுவ அன்று இலங்கையில் வசதி இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். எடுத்தது சரியா பிழையா என்று தெரியும்போது நடிகர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள், கடலின் பருவமும் மாறியிருக்கும்.

படம் வந்த அதே 1962 இல் கிளார்க் கொழும்பில் ஒரு கதவுநிலையில் தலையை இடித்துக்கொண்டார். உடல் செயலிழந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். முதுகுத்தண்டில் அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள், பின்னர்தான் இளம்பிள்ளைவாதம் என்று தெரிந்தது. பணம் போட்டவர் படுத்துவிட்டார் என்ற அதிர்ச்சி சிறு படக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது.

தமிழில் ‘பிழைத்தல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தவறிப்போவதும் பிழைத்தல், உயிர் தப்புவதும் பிழைத்தல். சிறு பணத்தில் எடுக்கும் படத்துக்கு இந்த இரண்டும் தினசரிச் சொற்கள். காலையில் ஏதோ ஒன்று பிழைத்துவிடும், மாலைக்குள் படம் பிழைத்தாக வேண்டும். எல்லாத் தவறும் ஒரு வகை அல்ல. காத்திருந்தால் திரும்பி வருவது ஒன்று. வேறு வழியில் எடுத்து ஈடுசெய்யக்கூடியது இன்னொன்று. என்ன செய்தாலும் திரும்பாதது மூன்றாவது. படப்பிடிப்பில் பதற்றம் வரும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. மழை விடும்வரை காத்திருக்க மனமில்லாமல் ஆளை ஆபத்தில் இறக்கிவிடுகிறார்கள். இந்தப் பேச்சின் கவலை அந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான்.

முதலில் காற்று. நம் கரையில் காற்றுக்குப் பெயர் உண்டு. வடகிழக்கிலிருந்து வருவது வாடை, தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல், மேற்கே காடும் வயலும் கடந்து சூடேறி வருவது கச்சான். மீனவருக்கு இவை தொழில் நாட்காட்டி. படக்காரருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும் ஊர் இது. அந்த மாதங்களில் கொண்டலும் வாடையும் கடலைக் கொந்தளிக்க வைக்கும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததை இங்கே இருக்கும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். பல்கலைக்கழக விடுமுறை கிடைத்தது, கொழும்பிலிருந்து நடிகர் வர ஒத்துக்கொண்டார் என்று மார்கழியில் கடற்கரைப் படம் தொடங்குவது காற்றிடம் கேட்காமல் நாள் வைப்பது.

அப்படியானால் நடு ஆண்டு நல்லதா? கடல் அமைதி, நீர் தெளிவு, வானம் வெளி. ஆனால் கச்சான் இருக்கிறது. உரையாடலை அது மைக்கில் உறுமலாக மாற்றிவிடும். வெளிச்சத்தைத் திருப்பப் பிடித்த ரெஜிபோம் பலகை கச்சானில் பாயாகிவிடும், பிடித்தவர் அதோடு சேர்ந்து நகர்வார். ஒரு ஷொட்டில் நெற்றியில் விழுந்த முடி அடுத்த ஷொட்டில் காதுக்குப் பின்னால் போயிருக்கும். மணல் லென்ஸின் வளையங்களுக்குள் புகுந்து அரைக்கும். உப்புத் திவலை கண்ணாடியில் படிந்து காட்சி முழுவதையும் வெண்பனியாக்கும். அங்கே அது தெரியாது, வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இதற்கு மருந்து விலை உயர்ந்ததல்ல. மைக்குக்கு ரோம உறை போட வேண்டும், அதோடு நிறுத்தக் கூடாது. ஷொட் முடிந்த அடுத்த நிமிடமே நடிகரைக் கண்ணாடி ஏற்றிய வானுக்குள் உட்காரவைத்து அதே வசனத்தை மூன்று தடவை பேசச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். ஓடிவந்த மூச்சு அப்போது அவரிடம் மிச்சம் இருக்கும். இரண்டு மாதம் கழித்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. லென்ஸை வெறும் துணியால் துடைத்தால் உப்புப் படிகம் கீறும், முதலில் ஊதித் தள்ளிய பிறகே துடைக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை எடுத்து நேரே கடற்கரை வெக்கையில் திறந்தால் உள்ளேயும் வெளியேயும் வியர்த்துப்போகும். மூடிய பையிலேயே அரை மணி நேரமாவது விட்டு, ஊர்ச் சூட்டுக்குப் பழகிய பின் திறந்தால் அந்தக் காலை தப்பிக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. கிழக்குக் கரையில் கடலில் சூரியன் உதிக்கும், மறைவதில்லை. அதனால் மாலைச் சூரியன் நீரில் இறங்கும் காட்சிக்கு மன்னாருக்கோ நீர்கொழும்புக்கோ போக வேண்டும் என்று எண்ணுகிறார்கள். திருகோணமலை நகரம் ஒரு முனையில் இருக்கிறது. கிழக்கே டச்பே, மேற்கே உட்துறைமுகம். காலையில் டச்பேயில் சூரியன் நீரிலிருந்து எழும், மாலையில் உட்துறைமுகத்து நீருக்கு அப்பால் இறங்கும். இடையில் இருப்பது ஓட்டோவில் சில நிமிடத் தூரம். காலை ஷொட் மேகத்தில் கெட்டுப்போனால், கதை இடம் கொடுக்குமானால், மாலையில் மறுபக்கம் போய் அதே தாழ்ந்த ஒளியை எடுக்கலாம். இப்படி ஒரே நாளில் இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கும் துறைமுக நகரம் எளிதில் கிடைக்காது.

ஆனால் இதே ஊரில் கமராவைத் தூக்கிய இடமெல்லாம் எடுக்க முடியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், கப்பற்றளத்தில் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படை. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. கோயில் வளாகத்துக்கும் தொல்லியல் இடங்களுக்கும் தனித்தனி அனுமதி. ட்ரோனுக்கு இன்னொன்று. கடிதம் வராத காலையில் முழுக் குழுவும் சோற்றுப் பார்சலோடு வாசலில் நிற்பது இங்கே வழக்கமான இடையூறுகளில் ஒன்று. அனுமதி தேவைப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் அனுமதி தேவைப்படாத ஓர் இடத்தை முன்கூட்டியே பார்த்து, அங்கே அந்தக் காட்சியை எப்படி எடுப்பது என்று தாளில் வரைந்து வைத்திருக்கும் இயக்குநர் அந்த நாளை இழப்பதில்லை.

காத்திருந்தால் திரும்பி வரும் இழப்புக்கு உலகத் திரைப்பட வரலாற்றில் இதைவிட அழகான உதாரணம் இல்லை. 1952 ஒக்டோபர் 27 ஆம் திகதி சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யின் முதல் காட்சியை எடுக்கக் கல்கத்தாவுக்கு வெளியே பால்சிட் என்ற இடத்துக்குப் போனார். வெள்ளை வெளேரென்று நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சி. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த ராய்க்கு ஓய்வு நாள்தான் படப்பிடிப்பு நாள். ஒரு நாளில் பாதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் வெளி மொட்டையாகக் கிடந்தது. நாணல் பூ முழுவதையும் மாடுகள் தின்றுவிட்டன.

அவர் என்ன செய்தார்? அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார்.

இதைச் சொல்லும்போது பொறுமையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அங்கே நடந்தது ஒரு கணிப்பு. பூ திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காட்சிக்கு மாற்று இல்லை என்பதும் தெரியும். அதனால் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. அதே படத்தில் வேறு இடங்களில் எளிதாக விட்டுக்கொடுத்திருக்கிறார். மிட்டாய்க்காரர் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்துபோகும் காட்சி பாதியில் நின்றது, பணம் தீர்ந்துவிட்டது. மறுபடி பணம் கிடைத்துத் திரும்பியபோது மிட்டாய்க்காரராக நடித்தவர் உயிரோடு இல்லை. அதே உடல்வாகு உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து முதுகுப்பக்கமிருந்து மட்டும் எடுத்தார். கூட ஓடும் நாயும் இடையில் இறந்திருந்தது, அதைப்போல இன்னொரு நாயைக் கொண்டுவந்தார். படம் பார்ப்பவர் எவரும் கண்டுபிடிப்பதில்லை.

அந்தப் படத்துக்காக ராய் தன் காப்புறுதிப் பத்திரத்தை ஈடுவைத்தார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசின் பணம் வந்து படம் 1955 இல் திரைக்கு வந்தது. அந்த நெடிய இடைவெளிகளில் அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை, துர்க்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடவில்லை, எண்பது வயதை ஒட்டிய சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. இந்த மூன்றையும் ராய் பிற்காலத்தில் அற்புதங்களாகவே நினைவுகூர்ந்தார். சிறுவர்களையும் முதியவர்களையும் வைத்துக் குறும்படம் எடுப்பவர்கள் அவர்களது காட்சிகளை முதலில் முடித்துவிடுவது நல்லது. அற்புதத்தை எதிர்பார்த்து அட்டவணை போட முடியாது.

இரண்டாவது வகைக்கும் ராய் குழுவிலிருந்தே உதாரணம் வருகிறது. அடுத்த படமான ‘அபராஜிதோ’வுக்குக் காசி வீட்டின் முற்றத்தைத் திறந்தவெளியில் கட்டத்தான் நினைத்திருந்தார்கள். மழைக்காலம் பயமுறுத்தியது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கூடத்துக்குள் கட்ட வேண்டியதாயிற்று. கூடத்துக்குள் முற்றத்தின் வானொளி எங்கிருந்து வரும்? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை வானம்போல் விரித்துக் கட்டி, கீழேயிருந்து விளக்குகளை அதன்மீது அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி நிழல் இல்லாமல் மென்மையாக இறங்கியது. உண்மை வீட்டில் எடுத்தது என்றே அனுபவசாலிகளும் நம்பினார்கள். மழைக்குப் பயந்து கண்டுபிடித்த அந்த முறை இன்று உலகம் முழுவதும் பாடம். ஒரு வெள்ளை வேட்டியும் இரண்டு விளக்கும் இருந்தால் திருகோணமலையில் எந்த வீட்டு விறாந்தையிலும் அதைச் செய்யலாம்.

தமிழகத்தில் பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’ 1977 இல் வந்தது. ஸ்ரீதேவி மெதுவாக மிதப்பதுபோல் ஓடும் காட்சி வேண்டும், அதற்கான அதிவேகக் கமராவுக்குப் பணம் இல்லை. அவர் நடிகையையே மெதுவாக ஓடச் சொன்னார். இன்று அதைக் கூர்ந்து பார்த்தால் தாவணி விழும் வேகம் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் அந்தக் காட்சி ஒரு தலைமுறையின் மனதில் நின்றது. அடுத்த ஆண்டு மகேந்திரன் தன் முதல் படமான ‘முள்ளும் மலரும்’ முடியும் தறுவாயில் ஒரு பாடலுக்குப் பணம் கிடைக்காமல் நின்றபோது, அதில் நடிக்காத கமல்ஹாசன் செலவை ஏற்றுக்கொண்டார். இதை மகேந்திரனே பல இடங்களில் நன்றியோடு பதிவுசெய்திருக்கிறார். கடனாகவோ உதவியாகவோ யாரிடம் கேட்கலாம் என்ற பட்டியலும் படப்பிடிப்புக் கருவிகளில் ஒன்றுதான். கேட்கக் கூச்சப்பட்டு நின்றுபோன படங்கள் நம் ஊரில் ஏராளம்.

நம் ஊரில் அந்தப் பட்டியல் மனிதர்களால் ஆனது. வள்ளம் தருபவர், கரைவலைச் சம்மாட்டியார், சமையலுக்கு வரும் மாமி, ஜெனரேற்றர் வைத்திருக்கும் கல்யாண மண்டபக்காரர். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இந்த நாடு இருந்தது. பெற்றோலும் இல்லை. அந்த நாட்களை நினைத்துப் பார்த்தால், மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, பற்றரி ஏற்றும் நேரத்தைச் சுற்றிப் படப்பிடிப்பை அமைப்பது எப்படி என்று ஒவ்வொருவருக்கும் விளங்கும். அன்று கற்ற பழக்கத்தைக் கைவிட வேண்டாம். முந்தின இரவே எல்லாப் பற்றரியும் நிறைந்திருக்க வேண்டும். ஏற்றியதற்கு ஒரு நிற நாடா, தீர்ந்ததற்கு இன்னொரு நிறம். பரபரப்பில் தீர்ந்த பற்றரியைக் கடலுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

மூன்றாவது வகைக்கு வருமுன் கிழக்கு மாகாணத்து நினைவு ஒன்று. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இல் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிச் சிறுவனாக ஒரு சுற்றுலாவில் போனபோது டேவிட் லீன் தன் ஆங்கிலப் படத்தை எடுப்பதைப் பார்த்தார். லீன் ‘மழை’ என்று கத்தினார், மழை பெய்தது. தான் படக்காரன் ஆனது அந்தக் கணத்தில்தான் என்று பாலு மகேந்திரா வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அந்தப் படம் ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’. கித்துல்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே மெய்யாகவே மரப்பாலம் கட்டி எடுத்தார்கள்.

சின்னப் படக்காரருக்கு அந்தப் பெரிய படத்திலிருந்து வேண்டியது ஒரே ஒரு விடயம். பாலத்தையும் ரயிலையும் வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியை 1957 மார்ச்சில் எடுத்தார்கள். ஒரே தடவைதான் எடுக்க முடியும். பல கமராக்கள் வைத்து, ஒவ்வோர் ஒளிப்பதிவாளரும் கமராவை ஓடவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், இயக்குநர் முன்னால் விளக்கு எரியும் என்று ஏற்பாடு. ரயில் கிளம்பியது. ஒரு விளக்கு எரியவில்லை. அந்த ஒளிப்பதிவாளர் இன்னும் ஆபத்தான இடத்தில் இருக்கக்கூடும் என்பதால் லீன் வெடிக்கச் சொல்லவில்லை. ஓட்டுநர் இல்லாத ரயில் பாலத்தைக் கடந்துபோய் மறுபக்கத்தில் ஜெனரேற்றரில் மோதியது. அவர் பொத்தானை அழுத்த மறந்திருந்தார், அவ்வளவுதான். ரயிலைத் தூக்கி நிறுத்திப் பின்னர் வெற்றிகரமாக எடுத்தார்கள். படப்பிடிப்பின் மிக விலை உயர்ந்த நொடியில், ஒரு மனிதனைப் பற்றிய சந்தேகத்துக்காகக் காட்சியை நழுவவிட்டார் லீன். அவருடைய படங்களையெல்லாம்விட அந்த முடிவை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

ஏனென்றால் மறுபக்கத்து உதாரணங்கள் வேதனையானவை. 1980 நவம்பர் 16 ஆம் திகதி சென்னைக்கு அருகே சோழவரத்தில் மலையாள நடிகர் ஜயன் ஹெலிகொப்டரில் தொங்கும் சண்டைக் காட்சியில் உயிரிழந்தார். முதல் ஷொட்டே நன்றாக வந்திருந்தும் இன்னொன்று எடுக்கலாம் என்று அவரே கேட்டதாகச் சொல்வார்கள். 2016 நவம்பர் 7 ஆம் திகதி பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் கன்னடப் படம் ஒன்றுக்காக மூன்று நடிகர்கள் ஹெலிகொப்டரிலிருந்து நீரில் குதித்தார்கள். கதாநாயகன் மீட்கப்பட்டார். அனில், உதய் என்ற இருவரும் மூழ்கினார்கள். அவர்கள் உடலில் உயிர்காப்பு அங்கி இல்லை.

திருகோணமலை மாவட்டம் நீரின் கொடுமையைத் தன் வீட்டுக்குள்ளேயே அறிந்தது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. அது படப்பிடிப்பு அல்ல, அன்றாடப் பயணம். அன்றாடப் பயணமே அப்படி முடியக்கூடிய நீரில், கமராவும் விளக்கும் எட்டுப் பேரும் ஒரு பிளாஸ்டிக் வள்ளத்தின் ஒரே பக்கத்தில் சாய்ந்து நல்ல கோணம் தேடுவதை எந்தக் கலையும் நியாயப்படுத்தாது. உட்துறைமுகம் குளம்போல் தெரியும், ஆழமோ கப்பல்கள் நங்கூரமிடும் ஆழம். வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அங்கி வேண்டும். நடிகர் உடைக்கு மேலே அது தெரியும் என்றால் காட்சியைக் கரையோரம் இடுப்பளவு நீரில் எடுக்க வேண்டும். கமராவைத் தாழ்த்தி வைத்தால் இடுப்பளவு நீரும் நடுக்கடலாகத் தெரியும். குழுவில் இல்லாத, நன்றாக நீந்தத் தெரிந்த இருவரோடு வெறும் வள்ளம் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த இருவருக்கும் கூலி கொடுக்கப் பணம் இல்லை என்றால், அந்தக் காட்சிக்கும் பணம் இல்லை.

திரும்பி வராத இன்னொன்று எடுத்து முடித்த படம். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழர் கே. குணரத்தினம் கட்டியெழுப்பிய அந்த ஸ்டூடியோவின் தீயில் இலங்கைத் திரைப்படத்தின் ஒரு பகுதியே போயிற்று. கலவரம் இல்லாத ஊரிலும் படம் அழியும். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய படங்களின் நெகட்டிவ் இன்று இல்லை என்று பாலு மகேந்திரா தன் கடைசி ஆண்டுகளில் மேடைதோறும் கலங்கிச் சொன்னார். இந்தியாவின் தேசிய விருது பெற்ற படங்களுக்கே அந்த நிலை. ஒரு ஹாட் டிஸ்க்கில் மட்டும் இருக்கும் படத்தைப் படம் என்று சொல்ல வேண்டாம். அன்றன்று எடுத்ததை அன்றிரவே இரண்டு டிஸ்க்குகளில் இறக்கி, ஒன்றை வேறு வீட்டில், கடலிலிருந்து தள்ளி, வைக்க வேண்டும். இரண்டும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். பதினைந்து நிமிட வேலை. களைப்பில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

இலங்கைத் தமிழ்த் திரைப்படம் தொடங்கியதே சிறு பணத்தில்தான். முதல் படமான ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றரில் எடுத்தது. வந்த ஆண்டு 1962, ‘ரன் முத்து தூவ’ வந்த அதே ஆண்டு. அடுத்த ஆண்டு ‘தோட்டக்காரி’ 35 மில்லிமீற்றருக்கு மாறியது. 1978 இல் காற்றின் பெயரோடு இரண்டு படங்கள் வந்தன. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிரேம்நாத் மொராயஸ் இயக்கிய ‘வாடைக்காற்று’ ஒன்று. மற்றது ‘தென்றலும் புயலும்’. அதைத் தயாரித்தவர் இந்த ஊர் மருத்துவர் வேதநாயகம், இயக்கியவர் எம். ஏ. கபூர், இசை திருமலை பத்மநாதன். அதே ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது.

‘தென்றலும் புயலும்’ படப்பிடிப்பில் என்னென்ன பிழைத்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்று எழுதிவைத்த நூல் இல்லை. தம்பிஐயா தேவதாஸ் போன்றவர்கள் இலங்கைத் தமிழ்ப் படங்களின் வரலாற்றைத் தேடித் தொகுத்ததால்தான் பெயர்களும் ஆண்டுகளுமாவது நம்மிடம் இருக்கின்றன. விளக்குப் பிடித்தவர், வள்ளம் ஓட்டியவர், கூட்டத்தில் ஒருவராக நின்று நடித்தவர், உடை தைத்தவர் என்று எவ்வளவோ பேர் இருந்திருப்பார்கள். அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல். உப்புவெளியிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ உங்கள் தெருவிலேயோ அவர்கள் இருக்கக்கூடும். அலுமாரிக்குள் ஒரு புகைப்படமோ, படம் திரையிட்டபோது அச்சடித்த நோட்டீஸோ கிடக்கலாம். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் எவரும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய், அப்பு, அந்தப் படம் எடுத்த நாளில் மழை வந்ததா என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதுமாகப் பதிந்து, அதையும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.